மாட்டுவண்டி டயர் போட்ட மோட்டார் கார்

ஈரப் புல்லில் இரு முழங்கால்களையும் ஊன்றி, பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்தபடி, அந்தக் கறுப்புக் காரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதகையில் மே மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். மைதானத்து ஓரத்தில் நின்ற யூகலிப்டஸ் மரங்களிலிருந்து இரவுப் பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. டயரின் பக்கவாட்டில் புடைத்திருந்த ஆங்கில எழுத்துகள் வெள்ளைப் பெயிண்டினால் ஒவ்வொன்றாகத் தீட்டப்பட்டிருந்தன. ஓரிடத்தில்கூடப் பெயிண்ட் வழியவில்லை. விளக்குப் பூசைக்குக் கோலம் போடுகிறவர்களின் நிதானம் அதில் இருந்தது.

படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ‘விலங்குகள் இழுக்கும் வண்டிக்கு மட்டும்’ என்பது அதன் பொருள்.

தீட்டியவர் எனக்குப் பின்னால் கைகட்டி நின்றிருந்தார். பெயர் சின்னையா. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் டிரைவர்.

“எழுத்தெல்லாம் தெளிவா தெரியுதுங்களா ஐயா?” என்று கேட்டார்.

“தெரியுதுங்க” என்றேன். நன்றாகவே தெரிந்தது. பத்தடி தூரத்தில் நின்றவர்களுக்கும் தெரிந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், குன்னூர் ஏலக்கூடத்தில் தேயிலைக்கு விலை கேட்பாரின்றிப் போன நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு வாசகர் ஒருவர், ‘தோட்டங்கள் மூடிக் கிடந்த அந்தக் காலத்தில் உதகையில் பழைய கார் கண்காட்சி மட்டும் தவறாமல் நடந்ததே, அது எப்படி?’ என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் சற்றுக் கோபமும் இருந்தது. அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கண்காட்சியில் நானும் ஒரு நடுவராக இருந்தவன். ஆகவே இந்த வாரம் அதைச் சொல்லியாக வேண்டும்.

அடியிலிருந்து முடிக்கு

தேயிலைத் தரகர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கும் பழைய கார்களுக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. இன்றுவரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

கண்காட்சியை நடத்திய சங்கத்தின் செயலாளர் சிவசாமி, தேயிலைத் தொழிற்சாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அலுவலகத்துக்கு மாதிரித் தேயிலை கொண்டுவந்து பழக்கம். திங்கட்கிழமைகளில் மலைக்கோயிலில் நான் பதிகம் பாடுவதைக் கேட்டிருந்ததால் என்னை ‘ஓதுவாரே’ என்றுதான் அழைப்பார். ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க ஓதுவாரே, டயர் பாக்கறதுக்கு ஓர் ஆள் வேணுமுங்க.”

“எனக்கு டயரைப் பற்றி என்னங்க தெரியும்?”

“தெரிய வேண்டியது மூணே வரிதானுங்க. காயிதத்துல எழுதித் தர்றேன். ஆனா கீழ படுத்துப் பாக்கோணும். நம்ம நடுவருங்க அத்தனை பேரும் கோட்டு சூட்டு. எவனும் குனிய மாட்டேங்கறான். நீங்க தெனமும் விழுந்து கும்புடற ஆளு. உங்களுக்குக் கூச்சமிருக்காதுங்க.”

சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

அவர் தந்த மூன்று வரிகள் இவை. டயர், அந்தக் கார் பிறந்த காலத்துச் சக்கரத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய ‘கிராஸ் பிளை’ வகையாக இருக்க வேண்டும். இக்காலத்து ரேடியல் கூடாது. ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் டயருக்குச் சைபர். என்ஜின், வண்ணம், இருக்கை, டயர் என்று எந்தத் தலைப்பில் சைபர் விழுந்தாலும், ‘இது அசலான பழங்கார்’ என்ற சான்றிதழ் அந்த வண்டிக்குக் கிடையாது.

விதி எனக்குப் பிடித்திருந்தது. இறைவனைப் பாடுகிறவர்கள் திருவடியில் தொடங்கித் திருமுடி வரை ஏறுவதே மரபு. மற்ற நடுவர்கள் காரின் பளபளப்பான முகத்தில் தொடங்கினார்கள். நான் அடியில் தொடங்கினேன். ஐந்து டயரையும் பார்க்கும்போது டயருக்கு ஓரெழுத்தாக மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பழக்கத்தினால் ஸ்டெப்னியை ஒருநாளும் மறந்ததில்லை.

சில ஆண்டுகளில் ‘டயர்க்காரர் கறாரானவர்’ என்று பெயர் பரவியது. உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. கறார் என்பது நேர்மையின் மறுபெயர் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

முதல் சைபர்

சின்னையாவை நான் முதலில் கண்டது அந்த வெள்ளை எழுத்துக் காலைக்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே மைதானத்தில்.

மற்றவர்கள் காரோடு உதவியாளர்களையும் மெழுகு டப்பாக்களையும் கொண்டுவந்திருந்தார்கள். இவர் தனியாக வந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் மஃப்ளர், கையில் ஒரு பழைய பனியன் துணி. காரோ, இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் செய்தது. கதவைத் திறந்தால் தோல் இருக்கையின் மணத்தோடு தேயிலைத் தூளின் மணமும் வந்தது. என்ஜினைப் பார்த்த நடுவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு நான் குனிந்தேன். நான்கிலும் ஜீப் சக்கரம். அதன்மேல் புத்தம் புதிய ரேடியல் டயர்.

“இது ஆகாதுங்களே” என்றேன்.

“நல்ல டயருங்க ஐயா. தோட்டத்து ஜீப்புல இருந்து கழட்டி, லேத்துல குடுத்து, பொருந்துற மாதிரி செஞ்சிக்கிட்டேன். மழையில நல்லா புடிக்கும்.”

“புடிக்கலாமுங்க. ஆனா இந்தக் காருக்கு இது ஆகாது. இதோட சொந்தச் சக்கரம் எங்கீங்க?”

“தொழிற்சாலையில, கொழுந்து வாட்டுற மாடியில கெடக்குங்க. அதுக்கு இப்ப டயரு கெடைக்கிறதில்லீங்களே.”

சைபர் என்று எழுதினேன். என் பேனா தயங்கவில்லை. ‘அந்தக் காலத்து டயர் போட்டுக்கொண்டு வாருங்கள்’ என்றேன். அவர் ஒரு கணம் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். “சரிங்க ஐயா” என்றார்.

அவர் போன பிறகுதான் சிவசாமி முழு விவரத்தையும் சொன்னார். சின்னையா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தாயகம் திரும்பியோர் கூட்டத்தோடு இளம்வயதில் இங்கு வந்தவர். தேயிலை விலை சரிந்தபோது அவர் வேலை செய்த தோட்டத்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. முதலாளி முதுமையினால் சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, ‘இந்தக் காரை நீ வைத்துக்கொள்’ என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதோடு சரி. இப்போது தோட்டம் விலை பேசப்படுகிறது. லாரி, டிராக்டர், ஓடாத இயந்திரம் எல்லாம் பழைய இரும்பாகப் போகும் பட்டியலில் இந்தக் காரும் இருக்கிறது. முதலாளிக்கு எழுதிக் கேட்டதற்கு, ‘அசலான பழங்கார் என்று சங்கம் சான்றிதழ் கொடுத்தால், அதைப் பட்டியலிலிருந்து நீக்கிச் சின்னையா பெயருக்கு எழுதித் தருகிறேன்; இல்லையென்றால் பழைய இரும்புக்காக நான் வாங்குகிறவரோடு வாதாட முடியாது’ என்று பதில் வந்திருக்கிறது.

“அதை ஏனுங்க முன்னமே சொல்லலே?” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா சைபரை மாத்தியிருப்பீங்களா?”

மாற்றியிருக்க மாட்டேன். தோட்டத்தின் விற்பனை அடுத்த ஆண்டு வரை இழுபட்டது. அது ஒன்றே அன்று இறைவன் செய்த கருணை.

எங்கள் ஊர்ச் சப்பரம்

இனி அந்த வெள்ளை எழுத்துக்கு வர வேண்டும். அதற்கு முன் என் அப்பிச்சியை, அதாவது என் தாயின் தந்தையாரைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கோவைக்குக் கிழக்கே அவருடைய ஊர். ஆண்டுதோறும் பங்குனியில் சுவாமி சப்பரத்தில் எழுந்தருளி நான்கு வீதியும் வருவார். இரும்புப் பட்டை கட்டிய மரச் சக்கரங்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஓராண்டு முதன்முதலாக ஊருக்குள் தார்ச்சாலை போட்டிருந்தார்கள். ‘இரும்புப் பட்டை உருண்டால் ரோடு போய்விடும், சப்பரம் வரக்கூடாது’ என்றார் பஞ்சாயத்தார். அப்பிச்சி தம்முடைய புது டயர் மாட்டுவண்டியின் சக்கரங்களைக் கழற்றிச் சப்பரத்தில் பூட்டச் சொன்னார்.

அர்ச்சகர் பதறினார். “ரப்பர் மேல சாமி எழுந்தருளலாமுங்களா? வழக்கமில்லீங்களே!”

“ஏனுங்க, இத்தன வருசமா இரும்புப் பட்டையில குலுங்கிக் குலுங்கிச் சாமிக்கு இடுப்பு எப்படி இருக்குதுன்னு ஒருநாளாச்சும் கேட்டிருக்கீங்களா?” என்றார் அப்பிச்சி.

அன்று சப்பரம் ஓசையின்றி உருண்டது. அதுவரை சக்கரத்தின் இரைச்சலில் அமுங்கிப் போன பதிகத்தை அவ்வாண்டுதான் எல்லோரும் சொல் சொல்லாகக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆங்கில எழுத்துப் படித்திருந்த நான், டயரில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் பொருள் சொன்னேன். விலங்குகள் இழுக்கும் வண்டிக்கு மட்டும்.

வடத்தைப் பிடித்திருந்த அப்பிச்சி திரும்பிப் பார்த்தார். “அப்ப மாடு நாமதான். நல்லா இழுங்கடா!”

மாடு எங்கே?

ஆக, உதகையில் அந்த ஈரப் புல்லில் அந்த எழுத்துகளைக் கண்டவுடன் எனக்குப் புதிர் எதுவும் இல்லை. கொங்கு நாட்டுச் சாலைகளில் பருத்தியும் கரும்பும் சுமந்து ஓடிய அதே டயர். ஆனால் அது ஒரு மோட்டார் காரில் பூட்டப்பட்டிருந்ததை அன்றுதான் கண்டேன்.

கோவையிலிருந்து வந்திருந்த ஆலை முதலாளி ஒருவர், தம்முடைய காருக்கு மெழுகு போடுவதை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏப்பா டிரைவர், மாட்ட எங்க கட்டியிருக்கற? தண்ணி காட்டுனயா?”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சின்னையாவும் மரியாதைக்காகச் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “என்னாங்க ஐயா சொல்றாரு?” என்றார்.

எழுத்தை வாசித்துப் பொருள் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. சட்டென்று பனியன் துணியை எடுத்துப் பெயிண்டைத் தேய்க்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தேய்க்காதீங்க. எழுத்துல பொய்யில்லையே. இதை ஏன் தீட்டுனீங்க?”

“போன வருசம் பரிசு வாங்குன காருக்கெல்லாம் டயரு எழுத்த வெள்ளையா தீட்டியிருந்தாங்கய்யா. அதுதான் மொறையோன்னு நெனச்சிட்டேன். எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே.” சற்று நிறுத்தி, “அப்ப இந்த டயர வித்த கடைக்காரரு மாடு போற வேகத்துக்கு மேல போவாதேன்னு சொன்னது இதுக்குத்தானுங்களா! நான் வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்” என்றார்.

அவரை நிமிர்ந்து பார்த்தேன். “இந்த டயர்ல நீங்க மலைப்பாதையில ஓட்டறீங்களா?”

“ரெண்டு மாசமா இதாங்க. தோட்டத்து ஆம்புலன்ஸ் நின்னு போச்சில்லீங்களா. தொழிலாளிங்க குடியிருக்கற லயத்துல யாருக்கு ஒடம்பு முடியலேன்னாலும் இந்தக் காருதான். போன மாசம் ஒரு புள்ளைக்கு வலி கண்டிருச்சி. குன்னூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுக் கெளம்பினேன். கொஞ்சம் வேகம் வச்சா வளைவுல டயரு வழுக்குது. சரின்னு மாடு மாதிரிதான் போனேன். கட்டபெட்டு தாண்டி எடப்பள்ளி வர்றதுக்குள்ள பின்சீட்டுலயே பொறந்திருச்சிங்க. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, சாமி புண்ணியத்துல.”

“ஜீப் சக்கரத்தையும் ரேடியலையும் என்ன பண்ணினீங்க?”

“பத்திரமா வச்சிருக்கேங்க.”

“வலி கண்ட புள்ளையக் கூட்டிட்டுப் போறப்பவாச்சும் அதை மாட்டியிருக்கலாமே!”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “நீங்கதானேங்க ஐயா அது ஆகாதுன்னீங்க? திருநீறு பூசினவரு வாயால சொன்ன வார்த்த. அத மீறி மாட்டலாமுங்களா?”

என் முழங்கால்கள் இன்னும் புல்லில்தான் இருந்தன. எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒரு தாளில் ஒரு கட்டத்துக்குள் ஒரு நாளைக்காகச் சொன்ன சொல் அது. அதை அவர் இரண்டு மாதமாக நோன்பாகக் காத்திருக்கிறார். பெயர் தெரியாத ஒரு பெண், என் கறாரின் வேகத்திலே மலை இறங்கியிருக்கிறாள். அத்தனை நாள் பாடிய பாட்டில், அடியார்க்கு எளியவன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எளிமையாவது யாது என்று ஒருமுறையேனும் எண்ணியிருப்பேனா?

தாளில் எழுதியது

சிவசாமி வேகமாக வந்தார். செய்தி அதற்குள் அவர் காதை எட்டியிருந்தது.

“ஓதுவாரே, இது நடக்காதுங்க. இன்னைக்கு மாட்டுவண்டி டயரு. நாளைக்கு ஒருத்தன் டிராக்டர் டயரோட வந்து நிப்பான்.”

“மூணு வரி குடுத்தீங்களே. அதை வாசிங்க.”

“எனக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும். இருந்தாலும் வாசிங்க.”

வாசித்தார். அளவு, காரின் சொந்தக் கம்பி ஆரச் சக்கரத்துக்கு அச்சாகப் பொருந்தியது. வகை, கிராஸ் பிளை. ஐந்தும் ஒன்றே, ஸ்டெப்னியின் எழுத்தைக்கூடச் சின்னையா தீட்டி வைத்திருந்தார்.

“இழுக்கறது மாடா, என்ஜினான்னு இதுல எங்கீங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்னு எழுதலீங்க.”

“அப்ப அடுத்த வருசம் எழுதுங்க. எழுதாத விதிக்கு நான் சைபர் போட மாட்டேன். போன வருசம் எழுதின விதியில அவர் தவறினார், போட்டேன். இந்த வருசம் தவறலே.”

சிவசாமி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஆபத்துன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?”

“இருக்குது. அதை மறைக்கப் போறதில்லைங்க.”

மதிப்பெண் கட்டத்தில் முழு மதிப்பெண்ணை எழுதினேன். குறிப்புக் கட்டத்தில், ‘மாட்டுவண்டி டயர். அளவும் வகையும் விதிப்படி சரி. மைதானத்துக்கு மட்டும் உகந்தது. சாலையில் ஓட்டத் தகாது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த வரி சின்னையாவுக்காக என்பதைவிட எனக்காகவே எழுதியது. சிவசாமி தாளை வாங்கி இருமுறை படித்தார். “அடுத்த வருசம் நாலாவது வரி சேத்தறேன் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தம் கையொப்பத்தையும் இட்டார்.

பிறகு சின்னையாவைத் தனியே அழைத்துச் சென்று, தேநீர்க் கடையில் உட்கார வைத்தேன். பெரிய நீதி எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் புரிகிற கோயில் கணக்கு ஒன்றைச் சொன்னேன். கருவறையில் இருக்கும் மூலவர் அசையமாட்டார். வெயிலிலும் மழையிலும் வீதிக்கு வந்து, நடக்க முடியாதவர்களுக்கும் காட்சி தருவது உற்சவர். இரண்டும் ஒரே சாமி. யாரும் ஒன்றைப் பொய் என்று சொல்வதில்லை. உங்கள் காருக்கும் அப்படியே. இந்த மாட்டுவண்டி டயரைக் கண்காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போய் ரேடியலை மாட்டுங்கள். லயத்து மக்களை அதில்தான் ஏற்ற வேண்டும்.

தேநீரை உறிஞ்சியபடி யோசித்தார். “அப்ப நீங்க ஆகாதுன்னது மூலவருக்கு மட்டுந்தானுங்களா?”

“ஆமாங்க. அதைத் தெளிவாச் சொல்லாதது என் குற்றம்.”

“குத்தமெல்லாம் இல்லீங்க ஐயா.” சிரித்தார். “பொறந்த புள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. அவுங்க ஆத்தா எங்கிட்ட கேட்டுது. டயருன்னு வைக்கலாமான்னு நெனச்சேன்.”

“சிவகாமின்னு வைங்க” என்றேன். அப்படியே வைத்தார்கள்.

இரண்டாம் சைபர்

சான்றிதழ் சென்னைக்குப் போயிற்று. முதலாளி சொன்ன சொல்லைக் காத்தார். தோட்டத்துப் பழைய இரும்பெல்லாம் லாரியேறி மேட்டுப்பாளையம் இறங்கிய வாரத்தில், அந்தக் கறுப்புக் கார் மட்டும் லயத்து வாசலில் நின்றது.

அடுத்த ஆண்டு மே மாதம். விதித் தாளில் சிவசாமி சொன்னபடி நான்காவது வரி சேர்ந்திருந்தது: முன்பே சான்றிதழ் பெற்ற வண்டி தவிர, வேறெதற்கும் மாட்டுவண்டி டயர் கூடாது. ஐந்தாவதாக நான் கேட்டுச் சேர்த்த வரியும் இருந்தது: கண்காட்சி தவிர்ந்த நாட்களில் வண்டி எந்த டயரில் ஓடுகிறது என்பதை நடுவர் பொருட்படுத்தலாகாது.

சின்னையா தாமதமாக வந்தார். மற்ற கார்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். மைதான வாயிலில் சேற்றோடு வந்து நின்ற காரின் பின்சீட்டில் ஒரு கம்பளியும் காலி வெந்நீர்க் குடுவையும் கிடந்தன.

நான் குனிந்து பார்த்தேன். நான்கிலும் ரேடியல்.

“விடியக்காலையில ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலிங்க ஐயா. ஆஸ்பத்திரியில சேத்துட்டு நேரா வர்றேன். மூலவர மாட்ட நேரமில்ல.” மூச்சு வாங்கியபடி சொன்னார். “பெரியவரு பொழச்சிட்டாருங்க.”

தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். சிவசாமி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஆலை முதலாளியும் நின்று பார்த்தார்.

“சைபர்தானுங்களே ஐயா?” என்றார் சின்னையா, ஒரு கவலையுமின்றி.

“சைபர்தானுங்க” என்றேன்.

வட்டத்தை நிதானமாக, ஓரிடத்திலும் மை வழியாமல் எழுதினேன். எழுந்திருக்குமுன், சேறு படிந்த அந்த முன்சக்கரத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.